கோச் தோளில் கை போடுகிறவராக இருந்தால் அணி கெட்டுப்போகுமா?

இடதுகால்:
நேற்று ஒரு நண்பர் சொன்னார், இந்தக் காலத்து ஃபுட்பால் வீரர்களை அதட்டினால் வேலைக்கு ஆகாது, தோளில் கை போட்டுத்தான் வேலை வாங்க வேண்டும் என்று. எனக்கு அது ஒத்துவரவில்லை. தோளில் கை போட்ட ஒரு கோச், கையில் இருந்த மகத்தான அணியை இரண்டே வருடத்தில் எப்படிக் கரையவிட்டார் என்று பார்த்தவன் நான்.

ஃப்ராங்க் ரைகார்ட் கோச்சாக இருந்த பார்சிலோனாவைச் சொல்கிறேன். 2005லும் 2006லும் ஸ்பெயின் லீக் வென்றார்கள், 2006 மே மாதம் பாரிஸில் ஆர்சனலை 2-1 என்று வென்று ஐரோப்பாவின் பெரிய கிளப் கோப்பையான சாம்பியன்ஸ் லீக்கையும் எடுத்தார்கள். ரொனால்டினோ, எட்டோ, டெக்கோ, கூடவே வளர்ந்துகொண்டிருந்த மெஸ்ஸி. அதற்கப்புறம் ரொனால்டினோ அணியோடு பயிற்சி எடுக்கவில்லை, ஜிம்மில் இருக்கிறார் என்ற செய்தி வாராவாரம் வர ஆரம்பித்தது. 2007 பிப்ரவரியில் ராசிங் சான்டான்டருக்கு எதிரான மேட்ச்சில் கடைசி சில நிமிடம் ஆட எட்டோவைக் கூப்பிட்டால் அவர் இறங்க மாட்டேன் என்கிறார், இரண்டு நாள் கழித்து ஊரறிய கோச்சையே திட்டுகிறார், பெரிய தண்டனை எதுவும் இல்லை. 2007-08 முடியும்போது ரியல் மாட்ரிட்டுக்கு 18 புள்ளி பின்னால், மூன்றாவது இடம். 2008 மே 7 அன்று மாட்ரிட்டின் பெர்னபெயு மைதானத்தில் சாம்பியனான எதிரிக்கு வரிசையில் நின்று கைதட்டிவிட்டு 4-1 என்று தோற்றார்கள். எட்டோவும் டெக்கோவும் அந்த மேட்ச்சில் இல்லை, அதற்கு முந்தைய மேட்ச்சில் மஞ்சள் அட்டை வாங்கித் தடையில் இருந்தார்கள். வேண்டுமென்றே வாங்கினார்களா என்று பார்சா ரசிகர்களே கேட்டார்கள். அது உண்மையோ இல்லையோ, அப்படி ஒரு சந்தேகம் எழும் நிலைக்கு அணி போயிருந்தது.

அடுத்த சீசனில் கார்டியோலா கோச்சாக வந்தார். தாமதமாக வந்தால் ஃபைன், ரொனால்டினோவும் டெக்கோவும் வெளியே. அந்த வருடமே லீக், கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றும். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

வெள்ளைச்சட்டை:
சாட்சி வேண்டும் என்றால் நான் தருகிறேன். சாம்பியன்ஸ் லீக்கை ஐந்து முறை வென்ற ஒரே கோச் அன்செலோட்டி. 2003, 2007 மிலானோடு, 2014, 2022, 2024 மாட்ரிட்டோடு. இந்த மனிதர் கத்துவதை விட புருவத்தைத் தூக்குவதுதான் அதிகம். வீரர்களோடு சாப்பிடுவார், பேசுவார், அவர்கள் சொல்வதைக் கேட்டு ஆட்ட முறையையே மாற்றுவார். உங்கள் கணக்குப்படி இவர் அணிகள் எல்லாம் சீரழிந்திருக்க வேண்டுமே?

அவருக்கு முன்னால் மாட்ரிட்டில் டெல் போஸ்கே. 2000, 2002 சாம்பியன்ஸ் லீக், 2001, 2003 லீக். வீட்டுப் பெரியவர் மாதிரி அமைதியாக இருந்தார், ஜிடான், ஃபிகோ, ரவுல், ரொனால்டோ எல்லாரும் அவருக்கு ஆடினார்கள். 2003ல் லீக் வென்ற ஓரிரு நாளில் அவரை அனுப்பிவிட்டார்கள். அப்புறம் நடந்தது நினைவிருக்கிறதா? அடுத்த சீசனில் லீக்கின் கடைசி ஐந்து மேட்ச்சும் தோல்வி, நான்காவது இடம். சரி, கண்டிப்பான ஆள் வரட்டும் என்று கமாச்சோவைக் கொண்டுவந்தார்கள், அவர் 2004 செப்டம்பரிலேயே ராஜினாமா செய்துவிட்டுப் போனார். மறுபடி லீக் வெல்ல 2007 வரை காத்திருந்தோம். மென்மையான கோச்சை அனுப்பிய வலி எனக்கு இன்னும் ஆறவில்லை. அதே டெல் போஸ்கே 2010ல் ஸ்பெயினுக்கு உலகக் கோப்பையும் வாங்கிக் கொடுத்தார். அந்த அணியின் முதுகெலும்பே பார்சா, மாட்ரிட் வீரர்கள்தான். அந்த இரண்டு கூட்டத்தையும் ஒரே மேசையில் உட்காரவைக்க சாட்டை எடுத்தால் நடந்திருக்குமா?

இடதுகால்:
அன்செலோட்டியைச் சொன்னீர்கள், பேயர்ன் மியூனிக்கை விட்டுவிட்டீர்களே நண்பரே. அவருடைய கதையில் எனக்கு முக்கியமான பக்கம் அதுதான்.

2016ல் கார்டியோலாவுக்கு அப்புறம் வந்தார். முதல் சீசனில் லீக் வென்றார், மறுக்கவில்லை. ஆனால் பயிற்சியில் சூடு இல்லை என்று வீரர்களே முணுமுணுக்க ஆரம்பித்தார்கள், கோச்சுக்குத் தெரியாமல் தனியாகக் கூடுதல் பயிற்சி எடுக்கிறார்கள் என்றுகூட ஜெர்மன் பத்திரிகைகளில் வந்தது. இதை யோசித்துப் பாருங்கள், வீரர்கள் வேலை போதவில்லை என்று புகார் சொல்கிற நிலை! 2017 செப்டம்பரில் ஹோஃபன்ஹைமிடம் தோல்வி, வொல்ஃப்ஸ்பர்க்கோடு 2-0 முன்னிலையிலிருந்து 2-2, அப்புறம் பாரிஸில் 3-0 தோல்வி. அந்த மேட்ச்சில் ராபன், ரிபெரி, ஹும்மெல்ஸ் பெஞ்சில். மறுநாளே வேலை போனது. ஐந்து வீரர்கள் அவருக்கு எதிராகத் திரும்பிவிட்டார்கள் என்று தலைவர் ஹோனெஸ் வெளிப்படையாகவே சொன்னார்.

72 வயது ஹெய்ன்கெஸ் ஓய்விலிருந்து கோச்சாகத் திரும்பி வந்தார். அப்போது டார்ட்மண்டுக்கு ஐந்து புள்ளி பின்னால் இருந்த அதே அணி, சீசன் முடிவில் இரண்டாவது இடத்தை விட 21 புள்ளி அதிகம் எடுத்து சாம்பியன். ஆள் மாறவில்லை. பிடிதான் இறுகியது.

மூன்றாம்பெஞ்ச்:
இரண்டு பேரும் ஸ்பெயினையும் ஜெர்மனியையும் பார்க்கிறீர்கள், நான் இங்கிலாந்துப் பக்கம் ஒரு பார்வை.

2013ல் சண்டர்லாந்து கிளப்புக்கு டி கானியோ கோச்சாக வந்தார். கெச்சப் கூடாது, மயோனைஸ் கூடாது, குளிர்பானத்தில் ஐஸ் கூடாது, தோற்றால் ஊடகங்கள் முன்னாலேயே வீரர்களைப் போட்டுத் தாக்குவது. அடுத்த சீசன் ஐந்து லீக் மேட்ச்சில் ஒரே ஒரு புள்ளி, டிரெஸ்ஸிங் ரூம் மொத்தமும் எதிர்த்து நின்றது, செப்டம்பரிலேயே அனுப்பிவிட்டார்கள். கண்டிப்பு இருந்தால் ஒழுங்கு வந்துவிடும் என்பவர்கள் இந்த ஆறு மாதத்தைப் படிக்க வேண்டும்.

நான் மான்செஸ்டர் யுனைடெட் ரசிகன், அதனால் எங்கள் கோச்சாக இருந்த டென் ஹாக் விஷயம் இன்னும் நெருக்கம். 2022 ஆகஸ்டில் பிரென்ட்ஃபோர்டிடம் 4-0 என்று தோற்றதும், எதிரணி எவ்வளவு தூரம் அதிகமாக ஓடியதோ அவ்வளவு தூரம், 13.8 கிலோமீட்டர், வீரர்களை ஓடவைத்தார், தானும் கூடவே ஓடினார். அடுத்த மேட்ச்சில் லிவர்பூலை வென்றோம். அந்த வருடம் டிசம்பர் 31, தூங்கிப்போய் மீட்டிங்குக்குத் தாமதமாக வந்த ராஷ்ஃபோர்டைப் பெஞ்சில் உட்காரவைத்தார், அவர் இடைவேளைக்கு அப்புறம் இறங்கி வுல்வ்ஸுக்கு எதிராக மேட்ச்சின் ஒரே கோலைப் போட்டார். அன்று எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது, நம் கிளப்பில் மறுபடி ஒரு முதுகெலும்பு வந்துவிட்டது என்று. ஆனால் அடுத்த சீசனில் என்ன ஆனது? சான்சோ சமூக வலைத்தளத்தில் எதிர்த்து எழுதினார், டென் ஹாக் அவரை முதல் அணியிலிருந்து ஒதுக்கினார், மாதக்கணக்கில் இருவரும் இறங்கிவரவில்லை. எட்டாவது இடத்தில் முடித்தோம். சான்சோவோ ஜனவரியில் டார்ட்மண்டுக்குக் கடனாகப் போய் அதே சீசனில் வெம்ப்ளியில் சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் ஆடினார். எதிரணி பெஞ்சில் யார்? அன்செலோட்டி.

இடதுகால்:
டி கானியோ செய்ததைக் கண்டிப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஊர் முன்னால் ஒருவனை அவமானப்படுத்துவது வேறு, விதியை வைத்து அதிலிருந்து நழுவாமல் இருப்பது வேறு. கெச்சப்பைத் தடுத்தவரைக் காட்டி ரைகார்டைக் காப்பாற்ற முடியாது.

மூன்றாம்பெஞ்ச்:
அப்படியென்றால் நீங்கள் கேட்பது கண்டிப்பான கோச்சை இல்லை, நியாயமான கோச்சை. அதற்கு யார் மறுப்புச் சொல்வார்கள்?

அப்புறம் "நழுவாமல்" என்கிறீர்களே, கண்டிப்புக்கே அகராதி என்று சொல்லப்படும் எங்கள் பழைய கோச் ஃபெர்குசனைப் பாருங்கள். 1995 ஜனவரியில் எங்கள் வீரர் கான்டோனா கூட்டத்துக்குள் பாய்ந்து ஒரு ரசிகரை உதைத்தார், செப்டம்பர் இறுதிவரை தடை. வேறு யாராக இருந்தாலும் கிளப்பை விட்டே போயிருப்பார்கள். கான்டோனா வெறுத்துப்போய் இங்கிலாந்தை விட்டுப் போக நினைத்தபோது ஃபெர்குசன் பாரிஸ் வரை போய்ப் பேசித் திரும்ப அழைத்துவந்தார். 1995-96ல் லீக்கும் எஃப்ஏ கோப்பையும் கிடைத்தது. அதே ஃபெர்குசன் 2005 நவம்பரில் கிளப் தொலைக்காட்சிக்கான பேட்டியில் சக வீரர்களை விமர்சித்த ராய் கீனை, கேப்டன் என்றும் பார்க்காமல் அனுப்பினார். ஆளுக்கொரு நியாயம் என்று சிலர் சொல்வார்கள். யாருக்கு எது தேவை என்று தெரிந்தவர் என்று நான் சொல்வேன்.

சென்டர்பேக்4:
பழைய உறுப்பினர், எப்போதாவதுதான் எழுதுவேன். நான் எட்டு வருடம் ஒரு அலுவலக அணிக்கு ஆடினேன், சம்பளம் வாங்கி ஆடியதால் இதுவும் தொழில்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கோச் தங்கமான மனிதர். ஃபார்வர்டு ஒருவர் காலைப் பயிற்சிக்கு வருவதை நிறுத்தினார், கோல் போடுகிறவர் என்பதால் கோச் கண்டும் காணாமல் விட்டார். ஒரு மாதத்தில் இன்னும் இருவர். மழைக்காலம் வந்தபோது ஆறரை மணிக்கு மைதானத்தில் ஒன்பது பேர் நின்றோம், பட்டியலில் இருபத்திரண்டு பேர். அந்தக் கோச் மீது எனக்குக் கோபம் இருந்தது. இன்று யோசித்தால், அணியில் மூத்தவன் நான், அந்தப் பையனிடம் நானும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். மிலானில் மால்டினியும் கட்டுசோவும் இருந்தார்கள், மாட்ரிட்டில் மோட்ரிச்சும் க்ரூஸும் இருந்தார்கள், அவர்கள் இருக்கும் இடத்தில் யாரும் தாமதமாக வரத் துணிய மாட்டார்கள். அன்செலோட்டி மென்மையாக இருக்க முடிந்தது இவர்கள் இருந்ததால்தான் என்று நினைக்கிறேன்.

கேம்ப்நோவாசி:
சென்டர்பேக் சொன்னதோடு இன்னொன்றைச் சேர்க்க வேண்டும், இந்த விவாதத்தில் இதுவரை யாரும் சொல்லாத ஒரு பெயர்: ஹென்க் டென் காட்டே. ரைகார்டின் உதவியாளர். ரைகார்ட் சிரித்துக்கொண்டே நிற்பார், டென் காட்டே ரொனால்டினோவை முகத்துக்கு நேராகக் கேட்பார். டென் காட்டே இருந்த மூன்று வருடமும் இப்படித்தான் ஓடியது. 2006 கோடையில் டென் காட்டே அயாக்ஸுக்குக் கோச்சாகப் போய்விட்டார், அவர் இடத்துக்கு நீஸ்கென்ஸ் வந்தார், அவர் பெரிய ஆட்டக்காரர், ஆனால் அதட்டுகிற ஆள் இல்லை. சரிவு எந்த சீசனில் தொடங்கியது? அதே 2006-07ல். கெட்டாஃபேவை முதல் மேட்ச்சில் 5-2 என்று வென்றுவிட்டு இரண்டாவது மேட்ச்சில் 4-0 என்று தோற்று கோப்பையிலிருந்து வெளியேறினோம். அந்த இரவை நான் மறக்கவே மாட்டேன். ரைகார்ட் 2006 மே வரை எப்படி இருந்தாரோ அப்படியேதான் இருந்தார். பக்கத்தில் நின்ற ஆள் இல்லாமல் போனார். மாட்ரிட்டுக்கு அன்செலோட்டி 2021ல் திரும்பியபோது உடற்பயிற்சிக்குப் பிண்டுஸ் இருந்தார், வீரர்களைப் பிழிந்து எடுப்பதற்குப் பேர்போனவர். பேயர்னில் அப்படி ஒருவர் இல்லை.

ரைகார்டை வெறும் பலவீனமானவர் என்று எழுதுவது எனக்கு வலிக்கிறது, 17 வயது மெஸ்ஸியை இறக்கிவிட்டவர் அவர். அந்தப் பையன் பயமில்லாமல் ஆடியதற்கு அந்த மென்மையும் ஒரு காரணம்.

இடதுகால்:
டென் காட்டே விஷயம் என்னை யோசிக்க வைக்கிறது, உண்மையாகவே. ஆனால் அது என் வாதத்துக்குத்தான் பலம். கண்டிப்பு தேவை, அதைத் தலைமைக் கோச் செய்யாவிட்டால் வேறொருவரிடம் கடன் வாங்க வேண்டியிருக்கிறது, அந்த ஆள் போனால் எல்லாம் போகிறது. அப்படியென்றால் தலைமையில் இருப்பவரே ஏன் அதைச் செய்யக்கூடாது?

2006-07ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். பார்சாவும் மாட்ரிட்டும் 76 புள்ளியில் முடித்தன, நேருக்கு நேர் மோதிய கணக்கில் மாட்ரிட் சாம்பியன். அங்கே கோச் கபெல்லோ. ஜனவரியில் ரொனால்டோவை மிலானுக்கு அனுப்பினார், அமெரிக்கா போக ஒப்பந்தம் போட்ட பெக்காமை இனி ஆடமாட்டார் என்று ஒதுக்கினார். அணி நிமிர்ந்தது. ஒரு புள்ளி, ஒரே ஒரு புள்ளி ரைகார்ட் கூட எடுத்திருந்தால் லீக் பார்சாவுக்கு. எஸ்பான்யோலுக்கு எதிராகக் கடைசி நிமிடங்களில் தமுடோ போட்ட கோல் அந்தப் புள்ளியைத் தின்றது. முழு சீசனும் பயிற்சியில் மெத்தனமாக இருந்த அணிக்கு 89வது நிமிடத்தில் கால் ஓடுமா?

வெள்ளைச்சட்டை:
கபெல்லோவைப் பாதியில் நிறுத்தாதீர்கள். ஒதுக்கிய பெக்காமை பிப்ரவரியில் அவரே திரும்ப எடுத்தார், தான் சொன்னதிலிருந்து தானே இறங்கிவந்தார். பெக்காம் இல்லாமல் அந்த லீக் வந்திருக்காது என்பது அந்த சீசனைப் பார்த்த எங்களுக்குத் தெரியும். கார்டியோலாவும் அப்படித்தான். ரொனால்டினோ, டெக்கோ, எட்டோ மூவரும் வேண்டாம் என்று முதல் நாளே சொன்னார், பிறகு எட்டோ நன்றாகப் பயிற்சி எடுப்பதைப் பார்த்து வைத்துக்கொண்டார், அந்த எட்டோ 30 லீக் கோல் போட்டு, ரோமில் நடந்த இறுதிப் போட்டியிலும் முதல் கோலைப் போட்டார். நழுவாத விதி என்று நீங்கள் கொண்டாடும் இருவருமே நழுவியதால்தான் வென்றார்கள்.

இடதுகால்:
எட்டோ தன்னை மாற்றிக்கொண்டார், அதனால் இடம் கிடைத்தது. அது தளர்ச்சி இல்லை. முதலில் கதவைச் சாத்தியதால்தான் அவர் மாறினார்.

கேம்ப்நோவாசி:
ஒரு கேள்வி இடதுகால். பேயர்னைச் சரிசெய்த கண்டிப்பான ஹெய்ன்கெஸ் என்றீர்கள். அதே ஹெய்ன்கெஸ் 1998ல் மாட்ரிட்டுக்கு 32 வருடம் கழித்து ஐரோப்பியக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார், லீக்கில் நான்காவது இடம், கோப்பை வென்ற கொஞ்ச நாளில் வேலை போனது. அப்போது அவர்மேல் சொல்லப்பட்ட குற்றம், டிரெஸ்ஸிங் ரூம் அவர் கையில் இல்லை, வீரர்களிடம் தாட்சண்யம் பார்க்கிறார் என்பதுதான். அவரை எந்தப் பக்கம் சேர்ப்பீர்கள்?

இடதுகால்:
2017ல் இருந்தவரை என் பக்கம் சேர்ப்பேன். 1998 சீசனை நான் முழுதாகப் பார்த்ததில்லை, இந்த வாரம் உட்கார்ந்து பழைய மேட்ச்களைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.