மாசர் 98-க்குப் புதுக் குழல்: 8×57-லேயே நிற்பதா, .308-க்குத் தாவுவதா?

தேய்ந்தகுழல்:
என்னிடம் பெரிய வளைய மாசர் 98 ரைஃபிள், 8×57 ஐ.எஸ். தோட்டாவுக்கானது. குழலின் தொண்டை அரித்துப்போய், தோட்டா அமரும் சேம்பருக்கு முன்னால் ரைஃபிளிங் (குண்டைச் சுழற்றும் சுருள் வரி) மேடே தெரியவில்லை. ரிசீவரும் (குழல் மரையேறும் உடல்) போல்ட்டும் (தோட்டாவைத் தள்ளிப் பூட்டும் தண்டு) பார்வைக்கு நன்றாகவே இருக்கின்றன. 300 மீட்டர் வரை தாள் இலக்கு, எப்போதாவது காட்டுப்பன்றி. புதுக் குழலுக்கு எந்தத் தோட்டா: .308-ஆ, .30-06-ஆ, பழையதேவா? வேலையை உரிமம் உள்ள துப்பாக்கிக் கம்மியர்தான் செய்யப்போகிறார். அவரிடம் எதைக் கேட்பது என்று முடிவு செய்ய வேண்டும்.

மரைச்சுற்று:
.308. போல்ட் முகத்தைத் தொடவே வேண்டாம்: 8×57-இன் அடி விட்டம் 11.95 மி.மீ., .308-க்கு 12.01. கூட்டை வெளியே இழுக்கும் அதே எக்ஸ்ட்ராக்டர் பிடித்துக்கொள்ளும். இஸ்ரேல் தன்னிடமிருந்த கே98-களை 7.62 நேட்டோவுக்கு மாற்றியே ஓட்டியது, அவை ஓடின.

8×57-இல் இருக்கும் தலைவலியையும் சொல்லிவிடுகிறேன். ஒரே பெயரில் இரண்டு விதத் தோட்டா. ஐரோப்பியத் தர அமைப்பான சி.ஐ.பி.யின் உச்ச அழுத்தம் 3900 பார், அதாவது ஏறக்குறைய 56,500 பி.எஸ்.ஐ. அமெரிக்கத் தர அமைப்பான சாமி (SAAMI) வைத்த அளவோ 35,000 பி.எஸ்.ஐ. யாராவது .318 அங்குலக் குண்டுக்கான பழைய ‘ஜே’ ரகக் குழலில் .323 குண்டைப் போட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் அடக்கி வைத்தது அது. வாங்கும் தோட்டாப் பெட்டி மாறினால் இலக்கில் குண்டுகள் வேறு இடத்தில் விழும். .308-இல் இந்தக் கூத்து இல்லை.

மேகசின்பெட்டி:
மரைச்சுற்று சார், போல்ட் முகத்தோடு கணக்கு முடிந்துவிடாது. அந்த மேகசின் 8×57-க்காகவே வெட்டியது. இரண்டு வரிசையில் தோட்டா சரியாக ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்க, பெட்டியின் அகலம் அந்தந்த இடத்துக் கூட்டின் விட்டத்தைப் போல 1.866 மடங்கு இருக்க வேண்டும். 8×57-இன் கூடு சரிவானது, தோளில் (கழுத்தாக ஒடுங்கத் தொடங்கும் இடத்தில்) 10.95 மி.மீ. தான். .308 அடியிலிருந்து தோள்வரை கிட்டத்தட்ட நேராக வரும், தோளில் 11.53. பெருக்கினால் 21.5 மி.மீ. பெட்டிக்குள் அந்த இடத்தில் அவ்வளவு அகலம் கிடையாது. தோட்டா சாயாமல் நிமிர்ந்து நிற்கும், அடுத்தது அதை அழுத்தும், போல்ட் தள்ளும்போது இரண்டு சேர்ந்து எழும்பப் பார்க்கும்.

அதற்கு மேல் நீளம். பெட்டி உள்ளே சுமார் 84 மி.மீ., .308 தோட்டா 71. மிச்சம் 13 மி.மீ. ஒவ்வொரு உதைக்கும் தோட்டாக்கள் முன்னே ஓடி குண்டின் மூக்கு நசுங்கும்.

மரைச்சுற்று:
பின்னால் ஓர் அடைப்புக்கட்டை, சின்ன ஃபாலோயர் (தோட்டாவை மேலே தள்ளும் தட்டு). முடிந்தது.

மேகசின்பெட்டி:
கட்டையைப் பின்னால் வைத்தால் தோட்டாவின் தோள் இன்னும் 13 மி.மீ. முன்னே போகும். அங்கே பெட்டி இன்னும் குறுகல். தோட்டாவை மேலே பிடித்திருக்கும் தண்டவாள உதடு அதை விடும் நேரமும் தப்பும். முன்னால் வைத்தால் குறுகல் அவ்வளவு கூடாது, ஆனால் தோட்டாவைச் சேம்பருக்கு ஏற்றும் ஃபீட் சரிவை எட்டும் முன் மூக்கு தொங்கும். இரண்டையும் தேய்த்துச் சரிசெய்யலாம், செய்கிறார்கள். பொருந்துகிற தோட்டா கையிலேயே இருக்கும்போது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவானேன்? என் ஓட்டு 8×57. வேறு வேண்டுமானால் 7×57, அதே அடி, 78 மி.மீ. நீளம், உதையும் குறைவு.

நெடுந்தொலைவு:
.30-06-ஐ ஏன் யாரும் பேசவில்லை? பெட்டி நீளம்தானே பிரச்சினை?

மேகசின்பெட்டி:
அது எதிர்ப்பக்கப் பிரச்சினை. உச்ச நீளம் 84.84 மி.மீ., பெட்டியைவிட ஒரு மயிரிழை பெரிது. இடம் பண்ண ஃபீட் சரிவை முன்னோக்கி வெட்டுவார்கள். அந்தச் சரிவை ஒட்டித்தான் போல்ட்டின் கீழ் லக்கை (பூட்டும் காது) தாங்கும் சுவர். அங்கே எடுக்கும் ஒவ்வொரு மி.மீ.யும் சுமை தாங்கும் இரும்பு. முன்சுவரை மெல்லியதாக்கி இடம் எடுப்பது பரவாயில்லை, சரிவைத் தொடுவது எனக்குப் பிடிக்காது.

ஒன்பதுமூன்று:
குழலையே தூக்கி எறிவானேன்? சுவர் தடிமன் போதுமானால் அதையே 9.3×62-க்குத் துளைத்து எடுக்கலாம். 1905-இல் பெர்லினில் ஓட்டோ போக் இந்த மாசருக்கென்றே பண்ணின தோட்டா. நீளம் 83.6, அழுத்தம் அதே 3900 பார். தோள் 11.45 மி.மீ., கூடு 5 மி.மீ. நீளம். ஆகவே பழைய சேம்பரும் அரித்த தொண்டையும் சேம்பர் துளைக்கும் ரீமரோடு போய்விடும்.

மரைச்சுற்று:
தாள் இலக்குக்கு 9.3-ஆ? இருபது தோட்டாவுக்குள் தோள்பட்டை விடுப்பு கேட்கும். பன்றிக்கு மட்டும் என்றால் ஒப்புக்கொள்கிறேன். படைக் குழலாக இருந்தால் படிப்படியாக மெலிந்திருக்கும், முனையில் அளக்காமல் துளைக்கக் கூடாது.

கோகேஜ்:
தோட்டா எதுவானாலும் கம்மியரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். முதலாவது, பெரிய வளையத்தில் மரை 1.100 அங்குலம், அங்குலத்துக்கு 12 சுற்று, 55 டிகிரி. குழலின் பின்முகம் ரிசீவருக்குள் இருக்கும் உள்வளையத்தில் முட்ட வேண்டும், வெளித்தோள் அதற்கு அப்புறம். வெளித்தோள் முதலில் முட்டினால் இறுக்கிய மாதிரி தெரியும், குழல் உள்ளே அமர்ந்திருக்காது. இரண்டாவது, எக்ஸ்ட்ராக்டரையும் சுத்தி ஊசியையும் கழற்றிய வெறும் போல்ட்டில் கேஜ் (சேம்பர் நீளத்தை அளக்கும் போலித் தோட்டா) பார்க்க வேண்டும். .308-க்கு கோ 41.40 மி.மீ., நோ-கோ 41.50. முதலாவதில் விரல் பாரத்திலேயே மூட வேண்டும், இரண்டாவதில் மூடக் கூடாது. கைப்பிடியை அமுக்கி மூட வைத்தால் கேஜ் பொய் சொல்லும்.

பல நாடுகளில் உரிமத்தில் தோட்டா அளவு எழுதியிருக்கும். மாற்றுவதற்கு முன் அனுமதி, பின்னால் அல்ல.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று. குழல் அவ்வளவு சுட்டிருக்கிறது என்றால் லக் தாங்கும் முகங்கள் என்ன ஆயின? வளைத்த கம்பி நுனியை மேகசின் பக்கமாக விட்டு, கீழ் லக் உட்காரும் முகத்தைக் குறுக்காகத் தடவச் சொல்லுங்கள்.

தேய்ந்தகுழல்:
கம்மியர் தடவிப் பார்த்தார். லக் படும் இடத்தின் ஓரத்தில் கம்பி ஒரு படியில் தட்டுகிறது. சுட்ட பிறகு கைப்பிடி தூக்கும்போது பாதியில் பிடித்து அப்புறம் விடுவதும் உண்டு. அழுக்கு என்று நினைத்திருந்தேன்.

கோகேஜ்:
அழுக்கு இல்லை. லக் ரிசீவருக்குள் குழி பறித்து அமர்ந்திருக்கிறது, திறக்கும்போது குழியிலிருந்து ஏறி வர வேண்டியிருக்கிறது. புதுக் குழலில் ஹெட்ஸ்பேஸ் (போல்ட் முகத்துக்கும் சேம்பர் தோளுக்கும் உள்ள இடைவெளி) சரியாக வைத்தாலும் குழி ஆழமாக ஆக மறுபடி வளரும்.

மரைச்சுற்று:
முகத்தைச் சீவிச் சமமாக்கினால்?

கோகேஜ்:
98-இன் ரிசீவர் மேல்தோல் மட்டும் கடினமாக்கிய மென் எஃகு. படி போகும்வரை சீவினால் அந்தத் தோலும் போகும், கீழே இருப்பது இன்னும் மெது. 4150 பார் .308 மட்டுமில்லை, 3900 பார் 8×57-உம் இதில் வேண்டாம்.

மேகசின்பெட்டி:
ஒத்துக்கொள்கிறேன். வேறு ரிசீவர் தேடுங்கள். போல்ட்டின் லக்குகளையும் பூதக்கண்ணாடியில் பாருங்கள், விரிசல் இல்லாவிட்டால்தான் அது புது ரிசீவருக்கு ஆகும், அதுவும் கேஜ் ஒத்துக்கொண்டால். குழல் பேச்சு அதற்கு அப்புறம்.