புதுப்பிப்பு: கல்லீரல் காத்திருப்புப் பட்டியலில் இறப்பு ஏன் அதிகமாகத் தெரிந்தது

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: மாற்றுக் கல்லீரலுக்குக் காத்திருப்போரின் இறப்பைக் கப்லான்-மேயர் முறையில் (காலப்போக்கில் எத்தனை பேர் உயிரோடிருக்கிறார்கள் என்று மதிப்பிடும் வழக்கமான முறை) கணக்கிட்டால் ஏன் இவ்வளவு உயரமாக வருகிறது?

தீர்த்து வைத்தது, "மாற்று அறுவையைப் போட்டி நிகழ்வாக எடுங்கள்" என்ற யோசனை, அதாவது பட்டியலில் இறப்பதை முந்திக்கொண்டு தடுத்துவிடும் வேறொரு முடிவாக. அறுவை ஆனவரை அன்றே சென்சார் செய்தால் (அதற்குப் பிறகு என்ன ஆனது தெரியாது என்று விட்டால்), பட்டியலில் மிச்சமிருப்பவர்களின் அதே வேகத்தில் அவரும் இறந்திருப்பார் என்று கப்லான்-மேயர் எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு முடிவின் நிகழ்தகவையும் தனித்தனியே கணக்கிடும் ஆலன்-யோஹான்சன் முறைக்கு மாறியதும் வளைவு இறங்கிவிட்டது. ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் சர்வ்ஃபிட் (survfit) ஃபங்ஷனே போதும்: ஒவ்வொருவருக்கும் என்ன ஆனது என்ற நிலைப் பத்தியை ஃபேக்டராக்கி (வகைகளாக்கி), முதல் லெவலாகச் சென்சாரை வையுங்கள், பிறகு இறப்பு, அறுவை. எந்த நாளை எடுத்தாலும் காத்திருப்பு, இறப்பு, அறுவை மூன்றின் நிகழ்தகவும் கூட்டினால் 1 வரவேண்டும்.

எதிர்பாராதது: உடல்நிலை மோசமாகிப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டவர்களும் சென்சாரில்தான் கிடந்தார்கள். அவர்களை இறப்போடு சேர்த்ததும் எண் மறுபடி ஏறியது. இந்த ஏற்றம் நியாயமானது. தேறி நீக்கப்பட்டவர்கள் வேறு ரகம், தனி நிகழ்வாக்குங்கள்.

மெல்ட் (MELD) மதிப்பெண்ணிலும், அதாவது ரத்தப் பரிசோதனைகளிலிருந்து கல்லீரல் நோயின் தீவிரத்தைக் கணக்கிடும் எண்ணிலும், ஒரு சிக்கல். சில வரிசைகளில் கிரியாட்டினின் மைக்ரோமோல்/லிட்டர் அலகில் இருந்தது, மி.கி./டெ.லி. ஆக்க 88.4-ஆல் வகுக்கணும் (பிலிருபினுக்கு 17.1). 1-க்குக் கீழே உள்ளதை 1 ஆக்காவிட்டால் லாகரிதம் எதிர்மறையாகிவிடும்.

போட்டி நிகழ்வுகளுக்கான இன்னொரு மாதிரியான ஃபைன்-கிரேயை ஓட்டவில்லை. காரணம் தேடும் கேள்விக்கு, ஒவ்வொரு நிகழ்வின் வேகத்தையும் தனித்தனியே பார்க்கும் நிகழ்வுவாரியான காக்ஸ் மாதிரியே பொருத்தம்.