லொம்போக்கில் நிலக் குத்தகை: வாரிசு கையெழுத்துக்கு வழி சொல்லுங்கள்

இந்தோனேசியாவின் லொம்போக் தீவில் ரிஞ்சானி எரிமலை அடிவாரத்தில் தெத்தெபாத்து கிராமம். வெளிநாட்டவருக்கான கிதாஸ் என்ற தற்காலிகத் தங்கும் அனுமதியில் இருக்கிறேன். வயலோரம் ஒரு துண்டு நிலத்தை 25 வருடக் குத்தகைக்கு எடுத்து வீடு கட்ட வேண்டும். 1960 நிலச் சட்டப்படி வெளிநாட்டவருக்கு ஹக் மிலிக் (முழு நில உரிமை) கிடையாது. உள்ளூர்க்காரர் பெயரில் வாங்கும் குறுக்குவழியில் எனக்கு உடன்பாடில்லை.

நிலம் அதைத் தரும் குடும்பத்தின் இறந்துபோன தாத்தா பெயரில். சான்றிதழ் கிடையாது, மடிப்பெல்லாம் கிழிந்த பழைய கிரிக் (நில வரிப் பத்திரம்) மட்டும். ஒரு வாரிசு மலேசியாவில் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறார், இப்போதைக்கு வர முடியாதாம்.

கிராமத் தலைவரிடம் வாரிசுக் கடிதம் வாங்கியாச்சு. வீடியோ அழைப்பில் அந்த மலேசிய வாரிசு சம்மதமும் சொன்னார். அப்புறமும் எல்லோருடைய கையெழுத்தும் வேண்டும் என்கிறார் நோட்டரி. மார்ச்சிலிருந்து இப்படியே நிற்கிறது.

மலேசியாவிலுள்ள இந்தோனேசியத் தூதரகத்தில் அப்படிப்பட்ட வாரிசு எழுதித் தரும் அதிகாரப் பத்திரத்தை வைத்துக் குத்தகை முடித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?