ஃபிரிஸ்பீ எறிந்தால் கவிழ்ந்து விழுகிறது, ஞாயிறு மேட்ச், உதவுங்கள்

கொட்டையூர்_தம்பி
அண்ணன்மாரே, அக்காமாரே, அவசரம். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு முதல் அல்டிமேட் மேட்ச், அதாவது ஃபிரிஸ்பீ டிஸ்கை வைத்து இரண்டு அணி ஆடும் ஆட்டம். நான் எறியும் டிஸ்க் கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போகிறது, அப்புறம் கவிழ்ந்து விளிம்பு தரையில் செருகிவிடுகிறது. பத்து நாளாக இதே கதை. வீடியோவில் காட்டியபடிதான் செய்கிறேன். என்ன தப்பு?

பள்ளத்தூரான்
எந்தக் கை? பேக்ஹேண்டா (கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய் எறிவது), ஃபோர்ஹேண்டா (எறியும் கைப் பக்கமிருந்தே சொடுக்கி எறிவது)? இடப்பக்கம் கவிழ்கிறதா, வலப்பக்கமா? இது தெரியாமல் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

ஊரணிக்கரை
எனக்குத் தெரிந்து இது காற்று வேலை. ஆடி மாதம், மேல்காற்று. மேற்குப் பார்த்து எறிகிறீர்களா? எதிர்காற்றில் சின்னத் தப்பும் பெரிதாகத் தெரியும். திரும்பி நின்று கிழக்கே எறிந்து பாருங்கள்.

மூத்த_ஆட்டக்காரன்
தம்பி, இதே கேள்வி மாதம் ஒரு முறை இங்கே வருகிறது. தேடிப் பார்த்திருந்தால் என் பழைய பதில் கிடைத்திருக்கும். சுழற்சி போதவில்லை, அவ்வளவுதான். பம்பரத்தைச் சாட்டை சுற்றாமல் கையால் உருட்டி விட்டால் நிற்குமா? தலையை ஆட்டிக்கொண்டு சாயும். டிஸ்கும் அப்படித்தான். அடிப்படை புரியாமல் வீடியோ பார்த்துப் பயனில்லை.

கொட்டையூர்_தம்பி
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். வலது கை, ஃபோர்ஹேண்ட். கவிழ்வது இடப்பக்கம். பேக்ஹேண்ட் பரவாயில்லை. ஊரணிக்கு அந்தப் பக்கம் செம்மண் பொட்டலில் சாயங்காலம் பழகுகிறோம். ஆமாம், மேற்குப் பார்த்துத்தான்.

ஊரணிக்கரை
சொன்னேன் அல்லவா.

பள்ளத்தூரான்
டிஸ்க் எது? திருவிழாக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் தட்டு என்றால் எவ்வளவு நன்றாக எறிந்தாலும் காற்று அதைப் புரட்டும். ஆட்டத்துக்கு 175 கிராம் டிஸ்க் வேண்டும். அடியில் அச்சிட்டிருப்பார்கள்.

தேவகோட்டை_அக்கா
தம்பி, ஒரே கேள்வி. இதற்கு முன் என்ன விளையாடிக்கொண்டிருந்தீர்கள்?

கொட்டையூர்_தம்பி
கிரிக்கெட் அக்கா. பாயிண்டில் நிற்பேன். டிஸ்க் 175தான், நண்பன் சென்னையிலிருந்து கொண்டுவந்தான். இன்னொன்று, பயிற்சி ஆட்டத்தில் எதிரணி இரண்டு முறை டிராவல் என்று சொன்னார்கள். பெரிய எட்டு வைத்து எறியும்போது ஊன்றிய கால் நகர்கிறதாம்.

தேவகோட்டை_அக்கா
அப்படியென்றால் தெரிந்துவிட்டது. பாயிண்டிலிருந்து பக்கவாட்டில் ஸ்டம்பைப் பார்த்து எறிந்து எறிந்து உங்கள் மணிக்கட்டு பழகியிருக்கிறது. அந்த எறியில் பந்து கையை விட்டதும் உள்ளங்கை உருண்டு தரையைப் பார்க்கும். பந்துக்கு அதனால் ஒன்றும் கெடுவதில்லை. டிஸ்குக்கோ, உள்ளங்கை உருளும் அந்தக் கணத்திலேயே வெளி விளிம்பு, அதாவது உடம்பை விட்டுத் தள்ளியிருக்கும் பக்கம், தூக்கிக்கொள்ளும். தூக்கினால் இடப்பக்கம் வளைந்து செருகும். நானும் த்ரோபாலிலிருந்து வந்தவள், ஒரு மாதம் இதில் மாட்டிக்கொண்டேன்.

இன்று ஐந்து மீட்டர் தூரத்தில் ஒருவரை நிறுத்தி, மண்டியிட்டு எறியுங்கள். முழங்கை விலாவை ஒட்டியே இருக்கட்டும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் டிஸ்குக்கு அடியில் விளிம்பின் உட்புறத்தில், கட்டைவிரல் மேலே. வெளி விளிம்பை ஒரு விரல் அளவு தாழ்த்திப் பிடியுங்கள். எறிந்த பின் கையை அப்படியே நிறுத்திப் பாருங்கள், உள்ளங்கையில் தண்ணீர் ஊற்றினால் நிற்க வேண்டும். வழிந்தால் உருட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். தோளை மறந்துவிடுங்கள். ஈரத்துண்டைச் சொடுக்குவது போல மணிக்கட்டு போய்ச் சட்டென்று நிற்க வேண்டும், அங்கேதான் சுழற்சி பிறக்கிறது.

பெரிய எட்டும் வேண்டாம். சின்ன எட்டு போதும், ஊன்றிய கால் தானாக நிற்கும்.

மூத்த_ஆட்டக்காரன்
அக்கா சொல்வது பாதிதான். வலக்கை ஃபோர்ஹேண்ட் மேலிருந்து பார்த்தால் கடிகாரத்துக்கு எதிராகச் சுழலும். வேகம் கூடி சுழற்சி குறைந்தால், சமமாக விட்டாலும் இடப்பக்கம்தான் சாயும். எதிர்காற்றில் காற்றுவேகம் இன்னும் கூடுவதால் அதிகமாகவே சாயும். உள்ளங்கையை மட்டும் திருத்திப் பயனில்லை. இயற்பியல் படித்தால் புரியும்.

தேவகோட்டை_அக்கா
மணிக்கட்டுச் சொடுக்கு என்று நான் சொன்னதும் சுழற்சிக்காகத்தான் அண்ணே. உருளும் கையால் எவ்வளவு சுழற்றினாலும் டிஸ்க் சாய்ந்தே கிளம்பும். முதலில் கை நிற்கட்டும்.

கபடி_ஐயா
ஒரு சந்தேகம். டிராவல் என்று எதிரணியே சொன்னதா? நடுவர் எங்கே போனார்?

பள்ளத்தூரான்
அல்டிமேட்டில் நடுவர் கிடையாது ஐயா. ஆட்டக்காரர்களே சொல்லிக்கொள்வார்கள். உலகப் போட்டியிலும் ஃபவுல் தீர்ப்பு ஆட்டக்காரர்களுடையதே.

கபடி_ஐயா
நடுவர் இல்லாத பந்தயமா? முப்பது வருடம் கபடிக் களத்தில் நின்றவன் நான். கோட்டைத் தொட்டானா இல்லையா என்பதற்கே கை கலந்திருக்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகளிடம் இது செல்லாது.

தேவகோட்டை_அக்கா
செல்கிறது ஐயா, கண்ணால் பார்த்திருக்கிறேன். ஃபவுல் என்று ஒருவர் சொல்லி மற்றவர் மறுத்தால், பெரும்பாலும் டிஸ்க் எறிந்தவரிடமே திரும்பும், மறுபடி எறிவார்கள். ஆட்டம் முடிந்ததும் எதிரணியின் நடத்தைக்கு ஐந்து வகையில் மதிப்பெண் போடுவார்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. பொய் சொல்லி வாங்கிய பாயிண்ட் அங்கே வெளியே வந்துவிடும்.

ஊரணிக்கரை
அமெரிக்காவில் 2012இல் தொடங்கிய தொழில்முறை லீக்கில் நடுவர் உண்டு. ஐயா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

மூத்த_ஆட்டக்காரன்
அந்த லீக் விதி வேறு, நாம் ஆடும் விதி வேறு. இரண்டையும் கலந்து பேசுபவர்கள் முதலில் விதிப் புத்தகத்தைப் படிக்கட்டும்.

கபடி_ஐயா
படிக்கிறேன். ஆனாலும், பந்தயப் பணம் வைத்து ஆடும் நாளில் உங்கள் மதிப்பெண் அட்டை தாங்குமா என்று பார்ப்போம். நாளை அந்தப் பொட்டலுக்கு வந்து ஒரு ஆட்டம் நேரில் பார்க்கிறேன்.

பள்ளத்தூரான்
தம்பியை ஆளையே காணோம். என்ன ஆயிற்று?

கொட்டையூர்_தம்பி
இருக்கிறேன் அண்ணே. மண்டியிட்டு நூறு தடவை எறிந்தோம். என் தம்பி பக்கத்தில் நின்று ஒவ்வொரு தடவையும் "கை, கை" என்று கத்தினான். அக்கா சொன்னது சரி, முதல் இருபதிலும் உள்ளங்கை தரையைத்தான் பார்த்தது. கிழக்கே எறிந்தால் இப்போது பத்துக்கு எட்டு நேராகப் போகிறது. மேற்கே இன்னும் நான்குதான். ஐயா வரட்டும், ஐந்தரைக்கு ஊரணிக்கரையில் இருப்போம். மார்க் பண்ண, அதாவது எறிபவரை மறித்து நிற்க, ஒரு ஆள் குறைகிறது.