வினைல் தரை: தினமும் துடைத்தும் மங்கலாகவே இருக்கிறது

கேள்வி: எங்கள் கிளினிக் வரவேற்பறை முழுக்க வினைல் தரை. தினமும் துடைத்தும் மங்கலாக இருக்கிறது, நடந்தால் செருப்பு லேசாக ஒட்டுகிறது. வாசல் மிதியடிக்கு அடியில் பழுப்புக் கறை வேறு. என்ன செய்யலாம்?

பதில் 1: ஒட்டுகிறது என்றால் பெரும்பாலும் சோப்புதான். கிளீனரை அளவுக்கு மேல் ஊற்றினால் தரையிலேயே படலமாகக் காய்ந்துவிடும், தூசி அதில் வந்து உட்காரும். ஓர் ஓரத்தை வெதுவெதுப்பான ஈரத்துணியால் தேய்த்துப் பாருங்கள். நுரை வந்தால் சந்தேகமே வேண்டாம்.

பிஎச் 7-ஐ ஒட்டிய, அதாவது அமிலமும் காரமும் இல்லாத நடுநிலைக் கிளீனர், டப்பாவில் போட்டிருக்கும் அளவு மட்டும். அப்புறம் வெறும் தண்ணீரில் இன்னொரு முறை. இரண்டு வாளி கட்டாயம்: ஒன்று கரைசலுக்கு, மற்றது மாப்பை அலச. நன்றாகப் பிழியுங்கள். தண்ணீர் தேங்கினால் இணைப்பு வழியே இறங்கிப் பசை விட்டுவிடும்.

மிதியடிக் கறை போகாது. ரப்பரில் உள்ள ரசாயனம் வினைலுக்குள் ஊறி நிறத்தையே மாற்றிவிடுகிறது. தின்னர் ஊற்றித் தேய்த்தால் தரைதான் கெடும். ரப்பர் அடி இல்லாத மிதியடியாக மாற்றுங்கள்.

பதில் 2: மிதியடியை எடுத்தே விடாதீர்கள். மணல்தான் தரையைக் கீறுகிறது. துடைக்கும் முன் கூட்டுவதும் முக்கியம்.

கேட்டவர்: நுரை வந்தது! பாலிஷ் போடலாமா?

பதில் 1: முதலில் தரை எந்த வகை என்று பாருங்கள். தொழிற்சாலையிலேயே பாலியூரித்தேன் என்ற பாதுகாப்புப் பூச்சு போட்டு வந்திருந்தால் பெரும்பாலும் பாலிஷ் தேவைப்படாது. தேவையென்றால் பழைய பாலிஷை முழுதாக எடுத்துவிட்டு மெல்லிய பூச்சுகளாகப் போடுங்கள், ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகு அடுத்தது.