கோமாளி சொன்னால் யார் நம்புவார்கள்? ‘ஆக்டோபஸி’ பற்றி ஒரு விவாதம்

கோட்டைவெளி:
1983இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படம் ‘ஆக்டோபஸி’. விளையாட்டுத்தனமான படம் என்று பலரும் ஒதுக்குகிறார்கள். ஒற்றர் படங்களில் என்னை உலுக்கிய படம் அதுதான். மேற்கு ஜெர்மனியின் அமெரிக்க விமானப்படைத் தளத்தில் சர்க்கஸ் நடக்கிறது. மனிதனை வைத்துச் சுடும் பீரங்கியின் அடியில் அணுகுண்டு. காவலர்கள் துரத்த, பாண்டாக நடிக்கும் ரோஜர் மூர் கோமாளி வேடத்தில் ஓடிவந்து தளபதியிடம் குண்டு இருப்பதாகச் சொல்கிறார். கூட்டம் சிரிக்கிறது. குழந்தைகளும் சிரிக்கிறார்கள்.

நான் சிறுவனாக இருந்தபோது வேலூர்க் கோட்டை மைதானத்தில் ஒரு சர்க்கஸ் கூடாரம் போட்டார்கள். இரவில் அதன் விளக்கொளி மலைமேல் போய்ப் படிந்து திரும்பும். சத்துவாச்சாரியில் எங்கள் மொட்டை மாடியிலிருந்தே தெரியும். பார் விளையாட்டின் நடுவே பபூன் கைதவறி வலையின் ஓரத்தில் மோதித் தரையில் விழுந்தார். கையை உயர்த்தி யாரையோ அழைத்தார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவர் மறுபடி கையை உயர்த்தினார். சிரிப்பு இன்னும் பெருகியது. அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கைதான் நினைவுக்கு வருகிறது.

பாலாற்றுமணல்:
உங்கள் நினைவை மதிக்கிறேன், ஐயா. ஆனால் அந்தக் கனம் உங்களுடையது, படத்துடையதல்ல. ஒரு காட்சிக்காக அந்தப் படத்தைத் தூக்கிப்பிடிக்க என்னால் முடியாது. விம்பிள்டன் டென்னிஸில் இரண்டு முறை கால் இறுதிவரை போன சென்னைக்காரர் விஜய் அமிர்தராஜ். அவருக்குக் கொடுத்த முதல் காட்சி என்ன? பாம்பின் முன் உட்கார்ந்து மகுடி ஊதுவது. சூதாட்டத்தில் வென்ற பணத்தை இந்தியக் கூட்டாளியிடம் கொடுத்து, சில வாரம் கறிக்கு ஆகும் என்கிற பொருளில் பாண்ட் பேசுவார். ஆட்டோ துரத்தல் போகும் தெருவெல்லாம் ஆணிப்படுக்கை, தீக்கங்கு, வாள் விழுங்குபவர். அரண்மனை விருந்தில் ஆட்டுத்தலையின் கண்ணைத் தின்கிறார்கள். நம் நாட்டையே ஒரு சர்க்கஸ் கூடாரமாக்கி வேடிக்கை பார்த்த படம் அது. எனக்கு வலிக்கிறது.

காட்பாடிச் சந்திப்பு:
இந்தியக் காட்சிகளைப் பற்றி நீங்கள் சொல்வது முழுக்க நியாயம். ஆனால் படத்தின் சதியைக் கவனியுங்கள். சோவியத் தளபதி ஓர்லோவின் கணக்கு இது: ஏவுகணை எதுவும் பறந்து வராமல் குண்டு வெடித்தால், அமெரிக்கர்களின் சொந்தக் குண்டே தவறி வெடித்தது என்று உலகம் நம்பும். அணு ஆயுதங்களை அகற்றும்படி ஐரோப்பிய மக்களே கேட்பார்கள். பிறகு எல்லையில் தடுக்க ஆள் இருக்காது. படம் வந்த அதே 1983இல்தான் மேற்கு ஜெர்மனிக்கு அமெரிக்காவின் பெர்ஷிங் 2 அணு ஏவுகணைகள் வந்தன. எதிர்த்து லட்சக்கணக்கானோர் தெருவில் நின்றார்கள். அந்த ஆண்டின் அச்சம் அப்படியே இந்தக் கதைக்குள் இருக்கிறது.

பாலாற்றுமணல்:
அதற்குச் சர்க்கஸ் எதற்கு? ஒரு லாரி போதாதா?

காட்பாடிச் சந்திப்பு:
போதாது. லாரியை எல்லையில் பிரித்துப் பார்ப்பார்கள். கூண்டும் பீரங்கியும் வர்ணம் பூசிய பெட்டிகளுமாக ஒரு சர்க்கஸ் ரயில் வந்தால் எதை விசித்திரம் என்று நிறுத்துவது? எல்லாமே விசித்திரம். எலியா கசான் 1953இலேயே ‘மேன் ஆன் எ டைட்ரோப்’ எடுத்தார். செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து ஒரு சர்க்கஸ் முழுவதும் எல்லை தாண்டித் தப்பும் கதை. ஐரோப்பா கிழக்கு, மேற்கு என்று பிரிந்து கிடந்த இரும்புத்திரைக் காலத்தில் கூடாரம் போட்டுப் பிழைப்பவர்களின் பயணமே ஒற்றர் கதையாகத்தான் இருந்தது.

செய்யாற்றான்:
நான் கூத்து பார்த்து வளர்ந்தவன். எங்கள் பக்கம் பழைய வட ஆற்காடு. கூத்தின் கோமாளியான கட்டியங்காரன், திரௌபதியைத் துகிலுரியும் இடத்தில்கூடக் கேலி பேசுவான். ஆனால் அவன் குரலைத் தாழ்த்தி ஒரு வார்த்தை சொன்னால் விடியற்காலைக் கூட்டம் அப்படியே அடங்கிவிடும். அவனுக்கு உண்மை பேச ஊர் உரிமை கொடுத்திருக்கிறது. சர்க்கஸ் கோமாளிக்கு அந்த உரிமை இல்லை. அவன் விழுந்தாலும் வித்தை, அழுதாலும் வித்தை. இந்தப் படத்தின் மையக் கதை தொடங்குவதே கோமாளி வேடத்தில் ஓடும் 009 என்ற பிரிட்டிஷ் ஒற்றன் முதுகில் கத்தி வாங்கிச் சாவதில்தானே? அவன் சொல்ல வந்ததும் யார் காதிலும் விழவில்லை. இரண்டாவது கோமாளியும் அப்படியே போய்விடுவானோ என்பதுதான் அந்த அணுகுண்டுக் காட்சியின் பதைப்பு.

பாலாற்றுமணல்:
கட்டியங்காரனை வைத்து நீங்கள் சொன்னது என்னைத் தொட்டுவிட்டது, அண்ணா. அந்தக் காட்சியைப் பொறுத்தவரை ஒப்புக்கொள்கிறேன். மகுடியை மட்டும் மன்னிக்க மாட்டேன். கோட்டைவெளி ஐயா, அந்த பபூன் பிழைத்தாரா?

கோட்டைவெளி:
பிழைத்தார். மறுநாள் மாலை அப்பாவை நச்சரித்து மறுபடி போனேன். வாசலில் முகப்பூச்சு இல்லாமல், கையில் கட்டோடு ஒருவர் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். உயரத்தை வைத்துத்தான் அவர் என்று தெரிந்தது. என் டிக்கெட்டையும் அவர்தான் கிழித்துக் கொடுத்தார். நான் எதுவும் பேசவில்லை.