காத்து அடிக்கிற நாளில ஸ்கூபா டைவுக்கு (காத்து டேங்க் கட்டிக் கடலுக்கடியில போறதுக்கு) எந்தப் போட்? உங்கட அனுபவத்தைச் சொல்லுங்கோ

நிலாவெளி:
எங்கட திருகோணமலைப் பக்கம் டைவ் சீசன் மே தொடங்கி செப்டெம்பர் மட்டும். கச்சான் காத்தும் அதே மாதங்களிலதான். அதில ஒரு ஏமாத்து இருக்கு. கச்சான் கரையில இருந்து கடலுக்குத் தள்ளுற காத்து. கரையில நிண்டு பாத்தா தண்ணி தட்டையாக் கிடக்கும், போகேக்க காத்து முதுகில, சுகமான பயணம். திரும்பி வரேக்கதான் தெரியும்: அணியம், அதுதான் போட்டின்ர முன்பக்கம், தூக்கித் தூக்கி அடிக்க, முன்னுக்கு இருக்கிற எல்லாரும் தொப்பையா நனைஞ்சு போவினம். எஞ்சின் நிண்டா போட் கரைக்கு ஒதுங்காது, வெளியாலதான் இழுபடும். அதால நான் போட்டைப் பாக்க முதல் எஞ்சினைத்தான் பாப்பன்.

இங்க ஓடுறது பெரும்பாலும் மீன்பிடிக்கிற ஃபைபர் போட், பின்னால கொழுவுற ஒற்றை அவுட்போர்ட் எஞ்சின். புறாத்தீவு ஒரு கிலோமீட்டர் தூரந்தானே, அதுக்குத் தாராளம். தள்ளிப் போறதெண்டா ரெண்டாவது எஞ்சின் இருக்கோ எண்டு கேளுங்கோ.

அந்தப் போட்டில விளிம்பு தாழ்வு, தண்ணிக்குள்ள பின்பக்கமா விழுறது லேசு. ஏறுறதுதான் வில்லங்கம். ஏணி இல்லாட்டி முதல் வெயிட் பெல்ட், பிறகு டேங்கோட பிசிடி (காத்தடைச்சு மிதக்கிற சட்டை), எல்லாத்தையும் தண்ணிக்குள்ளயே கழட்டிக் குடுத்திட்டு, காலை அடிச்சு விளிம்பில வயித்தைப் போட்டு ஏறோணும். அலை போட்டைத் தூக்கினா விளிம்பு கைக்கு எட்டாது, இறக்கினா நாடியில இடிக்கும். நடுவில ஒரு தண்டு, ரெண்டு பக்கமும் படி நீட்டிக்கொண்டு ஒரு ஏணி வருது. காலில போடுற ஃபின்னைக் (நீச்சல் துடுப்பு) கழட்டாமலே ஏறலாம். அது உள்ள போட்டுக்குக் காசு கூடக் குடுக்கலாம்.

புதுச்சேரி:
அண்ணா, ஏணி விஷயம் நூத்துக்கு நூறு. ஆனா எங்க ஊர்ல பயமே முகத்துவாரத்துலதான். துறைமுக வாய்ல மணல் சேர்ந்துடும், காத்து ஏறினா அங்கதான் அலை உடையும். அந்த இடத்துல எஞ்சின் தும்மினா போட்டு அலைக்குக் குறுக்கால திரும்பிடும், கவிழ அது போதும். நான் ரெட்டை எஞ்சின் கட்சி.

ரெட்டை அடிப்பாகம் வச்ச கட்டமரான் போட்லயும் போயிருக்கேன். நின்ன இடத்துல அவ்வளவா உருளாது, வாந்தி வர்றவங்களுக்குத் தெய்வம். எதிர்க்காத்துல ஓட்டினா மட்டும் நடுத்தட்டுக்கு அடியில தொம் தொம்னு அறையும். இன்னொண்ணு, டேங்குக்கு ஸ்டாண்ட் இருக்கான்னு பாருங்க. அலுமினிய டேங்க் காலியா இருந்தாலே 14 கிலோ. அது உருண்டு வந்து ஒருத்தர் கால் கட்டைவிரல் மேல நின்னதைப் பார்த்தேன், நகம் கறுத்துப் போச்சு.

துபாய்:
லீவுல எகிப்து ஹுர்காதா போனேன். அங்க வருஷத்துல பாதிக்கு மேல வடக்குக் காத்துதான். பெரிய போட்டுன்னா நிம்மதின்னு நினைக்காதீங்க. பின்பக்க மேடை அலைக்கு ஏறி இறங்கும்போது அடியில தலையைக் குடுத்தா அவ்வளவுதான். நல்ல கேப்டன் பாறைத்திட்டுக்குத் தெற்கால மறைவுல கட்டுவார். வெளித்திட்டுக்கு ரப்பர் விளிம்பு போட்டுலதான் கொண்டு போனாங்க. இடிச்சாலும் வலிக்கல, ஏத்திவிட ஆள் கை எட்டுற உயரம். நிலாவெளியில அது கிடைக்குமா?

நிலாவெளி:
தம்பி, நான் கண்டதெல்லாம் ஃபைபர்தான். வாறதெண்டா காலமை முதல் போட்டைக் கேளுங்கோ, வெயில் ஏற ஏறக் காத்தும் ஏறும். ஏணி போட்டிலயே இருக்கோ எண்டும் அப்பவே பாத்திடுங்கோ. சில பேர் கரையில வச்சிட்டு வருவினம்.